வெர்னா போட்ட நாற்காலி

எழுபது அடி உயரத்தில் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரம்பம் ஓட்டுகிறவனுக்கு, வேலை முடிந்ததும் "காசு குடுங்க" என்று கேட்க வாய் வராது. எமில் டுபெக் அப்படிப்பட்ட ஜென்மம். மரத்தை இறக்கி, அறுத்து, கிளைகளை மெஷினில் விட்டுத் தூளாக்கி, புல்தரையை வாரிச் சுத்தம் செய்துவிட்டுக் கதவைத் தட்டுவான்.

"முடிஞ்சிருச்சுங்க. ஒரு தடவை பாத்துக்கோங்க."

"பிரமாதம் எமில்! செக்கைத் தபால்ல அனுப்பிடறேன்."

"சரி சரி, அவசரமில்ல."

லாரியில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவசரமில்லையா? வெள்ளிக்கிழமை என் சம்பளத்தையும் தபால்லதான் அனுப்புவியா?" என்பேன். "வெர்னாகிட்ட சொல்லு ரூடி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவான். முன்பணமும் வாங்க மாட்டான். கட்டை தரைக்கு வராமல் காசைத் தொடுவது அவனுக்கு அசிங்கம். இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஃகு ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். மற்ற பாதிப் பேர் எங்கள் வாடிக்கையாளர்கள்.

வசூல் எல்லாம் வெர்னாதான். எமிலின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கல்லாவில் உட்கார்ந்தவள். தட்டைப் பார்த்த மாத்திரத்தில் கணக்குச் சொல்லுவாள். மேல்சட்டைக்குள் பால் பாக்கெட்டை ஒளித்துக்கொண்டு போகிற பயலை முதுகைப் பார்த்தே கூப்பிடுவாள். இந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எந்த ஆணும் அவளிடம் ஒரு தடவையாவது மாட்டியிருப்பான். அந்தப் பயல்கள்தான் இப்போது வீடு, வாசல், வீட்டு முன்னால் மரம் என்று பெரிய மனிதர்கள் ஆகிவிட்டார்கள்.

குழாய்ச் சாமான் கடை நார்பர்ட் ஒரு தடவை ஒரு பெரிய மேப்பிள் மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு ரெண்டு மாதம் இழுத்தடித்தான். வெர்னா போன் போட்டாள்.

"செக் தபால்ல வந்துக்கிட்டே இருக்கு வெர்னா."

"உன் கடை ஆறாவது தெருவுல. என் வீடு எட்டாவது தெருவுல. நடுவுல எந்த ஊரைச் சுத்திக்கிட்டு வருது?"

அப்போது நல்ல பனிக்காலம். எங்கள் ஊரில் தெருவோரமாகத்தான் காரை நிறுத்த வேண்டும். பனியை வாரி இடம் செய்தவன் அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால், அவன் திரும்பி வரும்வரை அது அவன் இடம். பாதிரியாரே வந்தாலும் அந்த நாற்காலியை நகர்த்த மாட்டார். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. நகர்த்தினால் காரின் நாலு டயருக்கும் யாரும் பொறுப்பில்லை, அவ்வளவுதான்.

நார்பர்ட் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் வீட்டு முன்னால் அவனே வாரி வைத்திருந்த இடத்தில் வெர்னா தன் சமையலறை நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். முதுகில் பெரிய எழுத்தில் டுபெக் என்று பச்சைப் பெயின்ட். சாயங்காலம் அவன் வந்தான், பார்த்தான், தெருவை மூன்று தடவை சுற்றினான். மலைக்குக் கீழே எங்கேயோ நிறுத்திவிட்டு, பனியில் சறுக்கிக்கொண்டு நடந்து வந்தான். எதிர் வீட்டுக் கிழவர்கள் ஜன்னலில் காபியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் காலையில் நார்பர்ட் ரொக்கமாகவே கொண்டுவந்து கொடுத்தான். கூடவே நாற்காலியையும் துடைத்துக் கொண்டுவந்தான்.

அதிலிருந்து பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெர்னாவுக்கு நாற்காலிதான் ஆயுதம். கல்லில் நார் உரிக்கிற மாதிரி ஆட்களிடமெல்லாம் அது வேலை செய்தது. "வெர்னா நாற்காலியைத் தூக்கிட்டா" என்று யாராவது சொன்னால் ஊர்க்காரர்கள் கூடுகிற தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆகும். எமில் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். "மானத்தை வாங்கறா" என்பான். "உன் மானத்தை வித்தா லாரிக்கு ஒரு டயர் கூட வாங்க முடியாது" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

இதெல்லாம் முன்பு.

போன வருஷம் அக்டோபரில் பெல்லாமி சார் வீட்டு ஆஷ் மரம் வந்தது. பெல்லாமி சார் எங்கள் பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பின்பக்கத்துக்கு அவருடைய பிரம்பை நன்றாகத் தெரியும். மனைவி இறந்தபின் மலை உச்சித் தெருவில் தனியாக இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் அந்த மரம். பச்சை வண்டு விழுந்து செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. வண்டு தின்ற ஆஷ் மரம் வெளியே பார்க்க மரம் மாதிரிதான் இருக்கும், உள்ளே ரஸ்க் மாதிரி. எங்கள் லாரியின் தூக்குக் கூடை அந்தச் சரிவுக்கு எட்டாது. ஒன்று, வாடகைக்குக் க்ரேன் கொண்டுவந்து வீட்டுக்கு மேலாக நீட்டி, மரத்தைத் துண்டு துண்டாகத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் ஏற வேண்டும். இப்படிப்பட்ட மரத்துக்கு எமில் எப்போதும் ரெண்டு விலை சொல்வான்.

விலை பேசிவிட்டு வந்து லாரியில் ஏறியவனிடம், "என்ன முடிவாச்சு?" என்றேன்.

"ஏறித்தான்," என்றான். ஜன்னல் வழியாகத் துப்பினான்.

மேல் கிளைகளை எல்லாம் இறக்கிவிட்டான். மத்தியானம் ஆகப்போகிறது. நானும் எங்களோடு வேலை செய்கிற டோமினிக்கும் கீழே கிளை இழுத்துக்கொண்டிருந்தோம். அடிமரம் வேரோடு ஒட்டிய இடத்தில் முறிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. எமில் கட்டியிருந்த கயிறு சரியாக இருந்தது, முடிச்சு சரியாக இருந்தது, மரத்தோடு மரமாக வந்து விழுந்தான். அவ்வளவுதான் சொல்ல முடியும். அதற்கு மேல் சொல்ல எனக்கு முடியாது, கேட்கவும் வேண்டாம்.

வெர்னா அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, கோயிலில் அழவில்லை, குழிமேட்டில் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தட்டைப் பார்த்துப் பார்த்து ஹாம் சாண்ட்விச் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ரூடி, பெல்லாமி வீட்டு வேலை அப்படியே கிடக்கு. போய் முடிச்சுட்டு வாங்க."

"வெர்னா, உனக்கென்ன பைத்தியமா? அந்த வீட்டுப் பக்கம் நான் காலெடுத்து வைக்க மாட்டேன்."

"மரம் தரைக்கு வந்துருச்சு. இனி அறுத்து வாரணும். அவ்வளவுதானே?"

அந்த அவ்வளவுதானே என்னும் வார்த்தையைக் கடைக்காரி சில்லறை கொடுக்கிற மாதிரி சொன்னாள். போனோம். அறுத்தோம், ஏற்றினோம், வாரினோம். டோமினிக் வாய் ஓயாமல் ஜெபம் சொல்லிக்கொண்டே வாரினான். பெல்லாமி சார் வீட்டுத் திரை அசையவே இல்லை. நானும் கதவைத் தட்டவில்லை. மறுநாள் வெர்னா பில் அனுப்பினாள். பதில் இல்லை.

குளிர்காலம் வந்தது. எங்களுக்கு விபத்துக் காப்பீடு கட்டியிருந்த எமில், முதலாளி என்று தனக்குக் கட்டிக்கொள்ளவில்லை. வங்கியில் லாரிக் கடன் தவணை நின்றுபோனது. நடந்ததைச் சொல்லிக் கேட்டதில் வங்கிக்காரர்கள் மார்ச் கடைசி வரைக்கும் விட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் பாக்கித் தவணையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லாரி போனால் டுபெக் கம்பெனி என்று ஒன்று கிடையாது. நானும் டோமினிக்கும் வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்வோம். அவள் என்ன செய்வாள்?

வெர்னா வசூலுக்குக் கிளம்பினாள். பழைய பாக்கி எல்லாம் வந்தது. வராமல் என்ன செய்யும்? கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் பணப்பையைத் தேட உள்ளே ஓடினான். முன்பு மாதிரி அவள் வாயாடவில்லை, திட்டவில்லை. வாசலில் நிற்பாள், தொகையைச் சொல்லுவாள், வாங்குவாள், வருவாள். "ஏதாவது பேசித் தொலையேன்" என்று லாரியில் நான் கத்தியிருக்கிறேன். "என்ன பேசணும்?" என்று கேட்பாள். நிஜமாகவே தெரியாமல் கேட்பாள். எனக்கும் தெரியவில்லை.

வந்ததெல்லாம் கல்லறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. லாரிக்குப் பெல்லாமி பாக்கி ஒன்றுதான் மிச்சம். அது வந்தால் தவணைக்குச் சரியாக இருக்கும்.

"கஞ்சப் பய," என்றேன் நான். "அந்த ஆள் வீட்டு வழியை மறிச்சு ஒரு லோடு மரத்தூளைக் கொட்டிட்டு வந்துடறேன். கார் எப்படி வெளிய வருதுன்னு பாக்கறேன்."

"அவர் கஞ்சன் இல்ல," என்றாள் வெர்னா. "காசில்லாத பசங்க சாப்பாட்டுப் பாக்கியை எல்லாம் மாசக் கடைசியில அவர்தான் வந்து கட்டுவார். யாருக்கும் சொல்லாதம்மான்னு சொல்லிட்டுப் போவார். உன் பாக்கியும் அதுல இருந்துச்சு."

ஆனாலும் எனக்குக் கோபம் குறையவில்லை. ஊர்ப் பயலின் பாலுக்குக் காசு கட்டுகிறவருக்கு எமிலின் கூலி கொடுக்கக் கை வரவில்லையா?

மார்ச் கடைசி வாரம். திங்கட்கிழமை வெர்னா நாற்காலியைத் தூக்கி லாரியில் போட்டாள். மலை உச்சித் தெருவுக்கு ஓட்டினேன். பெல்லாமி வீட்டு முன்னால் இறக்கிவைத்தாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது.

"வெர்னா, இவருக்குக் கராஜ் இருக்கு. தெருவுல இவர் காரே நிறுத்தறதில்ல. நாற்காலி போட்டு என்ன பிரயோஜனம்?"

அவள் கராஜைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போ. அஞ்சு மணிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போ."

தினமும் அப்படித்தான். காலையில் இறக்கிவிடுவேன், மாலையில் ஏற்றிக்கொள்வேன். எமிலின் வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெல்லாமி வீட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மழைக்கும் எழுந்திருக்கவில்லை. அந்தத் தெருக்காரர்கள் முதலில் ஜன்னலில் பார்த்தார்கள், பிறகு நாய்க்குக் காற்று வாங்கிக் கொடுக்கிற சாக்கில் வந்தார்கள். ஒருத்தி குடை பிடித்தாள். ஒருத்தி முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. போலீஸ்காரன் ஸ்டான்லி கூட வந்தான். அவனும் பால் திருடிய பயல்தான்.

"வெர்னா, யாரும் புகார் பண்ணல. சும்மா பாக்க வந்தேன். குளிரலையா?"

"தெரியல," என்றாளாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஈஸ்டருக்கு முந்திய உபவாச காலத்து வெள்ளி என்றால் இறைச்சி கிடையாது, தீயணைப்புக் கூடத்தில் ஊருக்கே மீன் வறுவல். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வெர்னா இல்லாமல் அது நடந்ததே கிடையாது. அன்று அவளுடைய இடம் காலி. கூடத்துப் பெண்கள் என் கையில் ஒரு மீன் சாண்ட்விச்சைத் திணித்து, "ஓடு, ஆறிடப் போகுது" என்று விரட்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தூறல் பனித்தூவலாக மாறிக்கொண்டிருந்தது. சாண்ட்விச்சை அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. மறுநாளோடு வங்கியின் கெடு முடிகிறது. "போதும் வெர்னா, எழுந்திரு. போகட்டும் லாரி" என்றேன்.

அப்போது கதவு திறந்தது.

பெல்லாமி சார் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் நடந்து வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பிரம்பு பிடித்த கையில் ஒரு செக் இருந்தது.

"மிஸஸ் டுபெக், உள்ள வாங்க. காலெல்லாம் நனைஞ்சு போச்சு."

"இங்கயே இருக்கேன் சார்."

எனக்குத் தாங்கவில்லை. "அஞ்சு மாசமா வாயைத் தைச்சு வெச்சிருந்தாங்களா சார்? ஒரு போன் பண்ணக் கூடவா முடியல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெர்னாவைத்தான் பார்த்தார். "செக் எழுத உக்காருவேன். ஒவ்வொரு வாரமும் உக்காருவேன். எந்தத் தொகையை எழுதறதுன்னு தெரியாது. எழுந்துருவேன்." மூச்சு வாங்கினார். "எமில் என்கிட்ட ரெண்டு விலை சொன்னான். செத்த மரம் சார், க்ரேன் வெச்சுக்கறதுதான் நல்லது, ஆனா செலவு ரெண்டு பங்கு ஆகும்னு சொன்னான். நான் சிரிச்சேன். நீ ஏறாத மரமா எமில், ஏறியே முடிச்சுடுன்னேன். நான் அப்படிச் சொன்னேன். சமையலறை ஜன்னல்ல நின்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

லாரி ஜன்னல் வழியாக எமில் துப்பியது எனக்கு ஞாபகம் வந்தது. கையை ஓங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஓங்கவில்லை. அந்த வயதான மனிதரின் செருப்பில் பனி ஏறிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியும் சார்," என்றாள் வெர்னா.

"தெரியுமா?"

"விலை பேசின அன்னிக்கு ராத்திரியே எமில் சொன்னான்."

அஞ்சு மாதம் அவளோடு லாரியில் சுற்றியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை! செக்கை வாங்கிப் பார்த்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நாலாயிரத்து அறுநூறு டாலர். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பாக்கித் தவணை போக, கோடை முழுக்க லாரி ஓடும். அதற்குள் வேலை பிடித்துவிடலாம், மரம் ஏற ஓர் ஆளையும் பிடித்துவிடலாம்.

"இது க்ரேன் விலை," என்றாள் வெர்னா.

"ஆமா. தயவுசெஞ்சு வாங்கிக்கோங்க."

"க்ரேன் வரலையே சார்."

அவர் தோளில் கிடந்த கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏறினதுக்கு எழுதிக் குடுங்க," என்று செக்கைத் திருப்பி நீட்டினாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. கல்லாவில் உட்கார்ந்து, உன் தட்டில் இதுதானே இருக்கிறது, இதற்குக் காசு கொடு என்று கேட்கிற அதே குரல்.

"பில்லை நான் பிரிக்கவே இல்ல. அந்தத் தொகை என்னன்னு எனக்கு இப்ப..."

"ரெண்டாயிரத்து இருநூறு. உருளைக்கிழங்கை ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டே சொன்னான். எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகத்தை யாரும் பார்க்க முடியாதபடி தலை குனிந்திருந்தது. வெர்னா தொகையைச் சரிபார்த்தாள். "நன்றி சார்" என்றாள். அவர் போய்க் கதவைச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து லாரியில் ஏறினாள்.

ஏறியதும் நான் கத்தினேன். நாலு வீடு கேட்கக் கத்தினேன். "அடிப்பாவி! கையில வந்ததை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? அதுல லாரி கோடை முழுக்க ஓடியிருக்கும். அடுத்த மாசம் தவணைக்கு என்ன பண்ணப் போற? திரும்பவும் தெருத்தெருவா நிக்கப் போறியா?"

"நிப்பேன்."

"எதுக்கு? சொல்லு, எதுக்கு?"

அவள் சாண்ட்விச்சைப் பிரித்தாள். பாதியை எனக்குக் கொடுத்தாள். ஆறிப்போன மீன்.

"அதை வாங்கிட்டா அவர் பாக்கி தீந்துருமே, ரூடி," என்றாள்.

நான் கிளப்பிய வண்டியை மறுபடி நிறுத்திவிட்டேன். துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தும் கண்ணாடி எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் அப்போதும் அழவில்லை. சீட் பெல்ட்டை மாட்டப் பார்த்தாள், மாட்ட வரவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

தெருமுனை வந்தபோதுதான் பார்த்தேன். "ஐயோ, நாற்காலி!"

"இருக்கட்டும்."

"யாராவது தூக்கிட்டுப் போயிருவாங்க."

"இந்த ஊர்ல யாரு நாற்காலியை எடுப்பாங்க?"

வங்கியில் மறுநாள் காலையில் கட்டினோம். லாரி இருக்கிறது. போன மாதம் கூட ஒரு தவணை தாமதம்தான், எப்படியோ ஓடுகிறது. வசூலுக்கு வெர்னா வேறு ஒரு நாற்காலியில் பெயர் எழுதிவைத்திருக்கிறாள்.

பழையது பெல்லாமி வீட்டு முன்னாலேயே இருக்கிறது. கோடையில் புல் வெட்டுகிறவன் அதைச் சுற்றித்தான் வெட்டினான். பச்சைப் பெயின்ட் கொஞ்சம் உரிந்திருக்கிறது, ஆனாலும் பெயரை வாசிக்கலாம். இந்த வருஷம் முதல் பனி விழுந்த அன்று அந்தத் தெரு வழியாகப் போனேன். பெல்லாமி சார் மண்வெட்டியோடு நின்று, நாற்காலியைச் சுற்றி ஒரு கார் அளவுக்குப் பனியை வாரிவிட்டுக்கொண்டிருந்தார்.